கயிற்றின் கடைசி ஆள்

5-6-72, திங்கள்

இன்று கோதண்டபாணி மாமா வீட்டில் பாவு பிணைத்தேன். தறியில் முடிந்துபோன பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. இன்று பாதி, நாளை மீதி. மாமா என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். எனக்கு வேலை கொடுக்கிறவரும் அவர்தான்.

இந்த டைரி சரிகைக் கடையில் வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பது. ஐப்பசியில் அவர் போனது கடைக்காரருக்குத் தெரியாது போல, இந்த வருஷமும் வந்துவிட்டது. பரணில் கிடந்தது. வெறும் தாளாக இருப்பதைப் பார்க்க நன்றாக இல்லை, எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. பிழை இருந்தால் கேட்க யாரும் இல்லை. மகள் ஆரணியில், அவள் குடும்பத்தோடு.

சாயங்காலம் ஆனால் கைக்கு வேலை இல்லை. அதுதான் கஷ்டம். அவர் வாதம் வந்து படுத்த பதினாலு மாதமும் நான்தான் தூக்கினேன். வேட்டியை இரண்டாக மடித்து இடுப்புக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து ஒரே தூக்கு. "மூட்டை தூக்குறவன் உன்கிட்ட தோத்தான் போ" என்பார், கோணின வாயோடு சிரித்துக்கொண்டே. ஒரு நாள்கூட நழுவவிட்டதில்லை. இப்போது நான் தூக்குவது எனக்கு ஒரு குடம் தண்ணீர்.

9-6-72, வெள்ளி

கத்திரிக்காய் குழம்பு. ஒரு ஆளுக்கு வைக்க இன்னும் பழகவில்லை. நாளைக்கும் இதேதான்.

11-6-72, ஞாயிறு

அடுத்த வீட்டு அலமு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆகஸ்டு பதினைந்துக்கு, சுதந்திர வெள்ளி விழா என்று, நெசவாளர் சங்கத்தில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறார்களாம். எதிரில் தென்னேரிப் பெண்கள். நாற்று நடுகிறவர்கள், நெல் மூட்டை தூக்குகிறவர்கள். நம் தெருவில் எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பழகுகிற இடம் சங்கத்துச் சாயப்பட்டறைக் கொல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே சாயம் போடுவதில்லை. உயரமான சுவர், ஆண்பிள்ளைகள் கண்ணில் படாது.

சொல்லிக்கொடுக்க வந்தவள் பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். ஏலவார்குழலி என்று பெயர், எல்லாரும் குழலி டீச்சர் என்கிறார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. கழுத்தில் விசில். எதிரில் அவள் பள்ளிக்கூடத்துப் பெரிய பெண்களை நிறுத்தியிருந்தாள். எங்கள் தெரு ஏழு பேரும் மூன்று தடவை தோற்றார்கள், அந்தக் கொசுக்களிடம்.

மூன்றாவது தடவைதான் வம்பு. கயிற்றின் கடைசியில் அலமு. இழுபட்டுக்கொண்டு நேராக அரக்குச் சாயத் தொட்டியைப் பார்த்துப் போகிறாள். நான் தொட்டிப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். யோசிக்கவில்லை. வால் பக்கம் தொங்கின கயிற்றைப் பிடித்துக் குதிகாலை ஊன்றினேன். நின்றுவிட்டது. எட்டுப் பெண்பிள்ளைகள் எதிரில் இழுக்கிறார்கள், கயிறு அசையவில்லை. குழலி டீச்சர் வாயிலிருந்து விசிலே விழுந்துவிட்டது. "யாரும்மா இது?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அங்கம்மாள்தான் ஏழு பேருக்கும் தலைவி. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அலமுவிடம் சொன்னாள். "கொடி ஏத்துற நாளுடி. நல்ல நாளு. ஒரு வருசம்கூட ஆவலை, கயித்துல இவ கை எதுக்கு?"

வந்துவிட்டேன்.

நான் இன்னா கேட்டேனா என்னைச் சேத்துக்கோன்னு? புடிச்சேன். அலமு தொட்டியில வுழுந்துடப் போறாளேன்னு புடிச்சேன். அவ்ளோதானே. அதுக்கு ஒரு பேச்சா.

14-6-72, புதன்

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கயிற்றைப் பிடித்தபோது நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பாரம் உள்ளங்கைக்கு வந்து, தோளுக்கு வந்து, இடுப்பில் இறங்கி நின்றது. எட்டு மாதம் கழித்து எனக்குக் கை இருக்கிறது என்று தெரிந்தது. அந்த எட்டாவது இடம் எனக்கு வேண்டும். வெட்கமாக இருக்கிறது எழுத. முப்பத்தொன்பது வயதில் இது என்ன ஆசை?

20-6-72, செவ்வாய்

பிணைக்கும்போது ஓர் இழை விறைத்தது. விறைத்த உடனே என் விரல் தானாகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. யாரும் சொல்லவேண்டாம். பட்டு வேலை செய்கிற கை அப்படித்தான், ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும் என்று அதற்கே தெரியும்.

சாம்பல் விரலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொல்லையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கயிறு விறைக்கிற நேரத்தில் ஏழு பேரும் ஒன்றாக ஒரு நூல் அளவு விட்டார்கள். மூன்று தடவையும் அதே இடத்தில். அவர்களுக்குப் பலம் இல்லாமல் இல்லை. பத்து வயதிலிருந்து பழகின கை கயிற்றையும் இழை என்று நினைத்துவிட்டது.

எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? என் கையும் அதே பட்டுக் கைதானே. பதினாலு மாதம் தூக்கினதால் இருக்கும். அங்கே விட்டுக்கொடுத்தால் அவர் விழுந்துவிடுவார்.

அலமுவிடம் சொன்னேன். "அட ஆமாக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு டீச்சரிடம் சொல்ல ஓடினாள்.

22-6-72, வியாழன்

குழலி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். பின்னால் அங்கம்மாள், வேண்டாத கல்யாணத்துக்கு வந்த மாதிரி. டீச்சர் என்னென்னவோ சொன்னாள், சங்கம், நாடு, இருபத்தைந்து வருஷம் என்று. எனக்குப் பாதி காதில் விழவில்லை. நான் அங்கம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்:

"நீ கடைசீல நில்லு. நான் மொத ஆளா நிக்கிறேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியப்போறதில்லை."

அதற்கு மேல் அவளால் இறங்க முடியாது. அது போதும் எனக்கு. மோர் கொடுத்தேன், குடித்தாள்.

25-6-72, ஞாயிறு

எட்டு ஆனோம்.

டீச்சர் இன்று கயிற்றை நூல் முறுக்கிப் பிழிகிற கல்தூணில் கட்டினாள். "அறுத்துடுங்கம்மா பாக்கலாம். அறுக்குறவங்களுக்கு ஆரிய பவன்ல காப்பி" என்றாள். யாருக்கும் கை வரவில்லை. அறுக்கச் சொல்லி எங்களிடம் யாரும் சொன்னதே இல்லை. பிறந்ததிலிருந்து அறுக்காதே, அறுக்காதே என்றுதான். அலமு முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்து, பிறகு வெறி பிடித்த மாதிரி இழுத்தோம். கயிறு அறுகிறதா? அங்கம்மாள் தூணையே திட்டினாள். ஒரு மணி நேரம். கடைசியில் அவள் கயிற்றைத் தட்டிப் பார்த்து, "கயுதை, கெட்டியாத்தான் இருக்குது" என்றாள். நம்பிக்கை வந்துவிட்டது போல.

வீட்டில் செய்யவும் டீச்சர் வேலை கொடுத்திருக்கிறாள். சட்டியில் மணல் போட்டு, வாயின் விளிம்பை ஐந்து விரல் நுனியால் மட்டும் பிடித்துத் தூக்கி, முப்பது எண்ணவேண்டும். ஈரச் சாக்கைப் பிழியவேண்டும். கிணற்றுக் கட்டையில் தொங்கவேண்டும், கால் தரையில் படாமல். சைக்கிள் டியூபில் வெட்டின வளையத்தை ஐந்து விரலிலும் மாட்டி விரிக்கவேண்டும். மூடுவதற்கு எவ்வளவு பழகுகிறோமோ அவ்வளவு திறக்கவும் பழகவேண்டுமாம், இல்லாவிட்டால் முழங்கை வலிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். சும்மா இருக்கிற நாளில்தான் கை வளர்கிறது என்றாள். நல்ல கூத்து.

28-6-72, புதன்

கிணற்றுக் கட்டையில் பதினேழு எண்ணினேன். அலமு நாலு எண்ணி விழுந்தாள். "அக்கா, நீ பொறந்தது மரத்திலயா?"

30-6-72, வெள்ளி

இன்னொரு வேலை. பழைய பேப்பர் ஒரு தாளை ஒரே கையில் மூலையிலிருந்து கசக்கிக் கசக்கி உருண்டையாக்கவேண்டும். மேசைமேல் வைக்கக்கூடாது, மற்றக் கை தொடக்கூடாது. பாதியிலேயே முன்கை எரியும்.

பேப்பர் என்னிடம் அடுக்கு அடுக்காக இருக்கிறது. அவருக்குக் கண் மங்கின பிறகு தினம் நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதில்தான் எனக்குப் படிப்பே வந்தது. "நிறுத்தி நிறுத்தி வாசிக்காத, ரயில் தாம்பரத்துல நிக்குது பார்" என்பார். எட்டு மாதமாக அந்த அடுக்கைத் தொடவில்லை. இன்று மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். கசக்க மனம் வரவில்லை. முதலில் முழுவதும் படித்தேன், சத்தமாக, நிறுத்தாமல். அப்புறம் கசக்கினேன். வலது கை ஒன்று, இடது கை ஒன்று.

இப்படியே செய்யலாம் என்று இருக்கிறது. படித்த பிறகு.

9-7-72, ஞாயிறு

டீச்சர் என் கையைப் பிரித்துப் பார்த்தாள். "சுண்டு விரலும் மோதிர விரலும்தான்மா கிரிப்பு. கட்டை விரல் சும்மா மூடி மாதிரி. நீங்க எல்லாத்தையும் கட்டை விரல்லயே புடிக்கிறீங்க" என்றாள். பாவு பிணைக்கிறவளுக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் உலகம். சுண்டு விரலை நான் மனிதனாகவே மதித்ததில்லை. காது குடைய உதவும், அவ்வளவுதான்.

16-7-72, ஞாயிறு

ஆடி முதல் நாள். பள்ளிக்கூடத்துப் பெண்களை இரண்டு தடவை இழுத்துப் போட்டோம். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் அங்கம்மாளுக்கு மட்டும் சில நேரம் கை தளர்கிறது, அவளே சொல்கிறாள். நல்ல நெசவுக்காரி அவள், அவ்வளவு சீக்கிரம் போகாது.

பசி என்றால் அப்படி ஒரு பசி. கூழ் இரண்டு சொம்பு குடித்தேன். வெங்காயம் கடித்துக்கொண்டு. சோற்றின் ருசியே மறந்திருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

21-7-72, வெள்ளி

காமாட்சியம்மன் கோயில் போனேன். கூட்டம். சட்டி முப்பது எண்ணியாகிவிட்டது, இனி மணல் கூட்டவேண்டும்.

28-7-72, வெள்ளி

எழுதவே கை வரலை. எழுதுறேன்.

கல்யாணப் பாவு. பட்டுக்காரச் செட்டியாரு வீட்டுக்குப் போறது. உக்காந்து கால் மணி ஆவலை, கட்டை விரல்ல தோல் உரிஞ்சிருக்குது, அதுல இழை மாட்டிக்கினுச்சு. நான் பாக்கலை. கையை எடுத்தேன், கூடவே வந்துடுச்சு. இருபத்தி மூணு இழை. இருபத்தி மூணு! என் ஆயுசுல ஒரே நாள்ல மூணு அறுத்ததில்லை.

கோதண்டபாணி மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு தேய்த்துக் காய்ப்பு காய்த்து, சொரசொரவென்று இருக்கிறது. "கயிறு இழுக்கணும்னா இழும்மா. நான் வேணாங்கலை. ஆனா இந்தக் கையால பட்டைத் தொடாத. ரெண்டுல ஒன்னு சொல்லிடு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பட்டைத் தொட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் கயிற்றை விட்டால்... எனக்கு வேற இன்னா இருக்குது?

அடுத்த வெள்ளிவரை நேரம் கேட்டு வந்தேன்.

29-7-72, சனி

இன்று எதுவும் இல்லை.

30-7-72, ஞாயிறு

கொல்லைக்குப் போகவில்லை. அலமு வந்து கூப்பிட்டாள். தலைவலி என்றேன். ஏழு பேராக இழுத்துத் தோற்றார்களாம். அங்கம்மாள் சொல்லி அனுப்பினாளாம், "தலைவலிக்குக் கயித்தைக் கட்டிக்கினா போயிடும்னு சொல்லு." திட்டுகிறாளா கூப்பிடுகிறாளா?

1-8-72, செவ்வாய்

காலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். காய்ப்பு எங்கே எங்கே இருக்கிறது என்று. கட்டை விரல் நுனி, ஆள்காட்டி விரல் ஓரம், நடு விரல் அடி. சுண்டு விரல் பக்கம் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது. டீச்சர் சொன்னதை நான் கேட்கவே இல்லை! சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பழைய பிடியே பிடித்திருக்கிறேன். நான் கேட்டிருந்தால் பட்டுக்கு வேண்டிய விரல் பட்டுக்கும், கயிற்றுக்கு வேண்டிய விரல் கயிற்றுக்கும் இருந்திருக்கும். ஒரே கைதான். ஆனால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே.

கிணற்றுக் கயிற்றில் பார்த்தேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கிக்கொண்டு, மூன்று விரலில் மட்டும் வாளி சேந்தினேன். முதல் வாளி பாதியில் நழுவிற்று. நாலாவது வாளி மேலே வந்துவிட்டது. அலமு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, டம்ளர் புடிக்கிற துரைசாணி மாதிரி தண்ணி சேந்தற?" என்றாள்.

2-8-72, புதன்

ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம். செங்கல் துண்டால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாக உரசினேன். வெண்ணெய் தடவி, தவிடு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காலை, மதியம், சாயங்காலம். மூன்று விரல் வாளி இருபது.

4-8-72, வெள்ளி

கோதண்டபாணி மாமா வீட்டுக்குப் போனேன். கயிற்றை விடவில்லை மாமா, கையைப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு பட்டு நூல் கட்டை எடுத்து நீட்டினார். பட்டுமேல் விரலை ஓட்டினால் சர்ரென்று சத்தம் வரக்கூடாது. அதுதான் சோதனை. அவர் காதைக் கிட்டே வைத்துக்கொண்டார். கட்டை விரலை ஓட்டினேன். ஆள்காட்டி விரலை ஓட்டினேன். சத்தம் இல்லை. "அந்தப் பக்கம்?" என்றார். சுண்டு விரல் பக்கம், மூன்று நாளாக வாளிக் கயிறு தேய்த்ததில், ஓட்டினால் கொல்லன் அரம் மாதிரி கேட்கும். "அது கயிறோடதுங்க மாமா. பட்டுகிட்ட வராது" என்றேன்.

சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை இருக்கிறது. சாம்பல் தட்டை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். ஓர் இழைகூட அறவில்லை.

6-8-72, ஞாயிறு

கொல்லைக்குப் போனேன். அங்கம்மாள் என் இடத்தில் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தாள். மூன்று விரல் பிடியை எல்லாருக்கும் காட்டினேன். டீச்சர் "நான் மாசக்கணக்கா இதைத்தானே கத்தறேன்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பாவம். இவர்களுக்குப் பட்டுக்காக என்று சொன்னால்தான் காதில் ஏறுகிறது, எனக்கு ஏறின மாதிரி.

13-8-72, ஞாயிறு

இனி இரண்டு நாள் எதையும் தூக்கக்கூடாது என்று டீச்சர் உத்தரவு. குடத்தைக்கூட அலமு புருஷன் தூக்கி வந்து வைத்தான். முணுமுணுத்துக்கொண்டு.

பயமாக இருக்கிறது. தோற்பதற்கு இல்லை. அத்தனை ஜனத்துக்கு முன்னால் நான் போய் நிற்பதற்கு. யாராவது ஏதாவது சொல்லி, டீச்சர் என்னை நிறுத்திவிட்டால்?

15-8-72, செவ்வாய்

பள்ளிக்கூட மைதானம். கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பேச்சு எல்லாம் முடிய பத்து மணி. வெயில் ஏறிவிட்டது. தென்னேரிப் பெண்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருத்தி தோளும் தூண் மாதிரி. அவர்கள் கடைசி ஆள் பொன்னியம்மாள் என்று ஒருத்தி, ஆறடி இருப்பாள், வெற்றிலை மென்றுகொண்டே இறங்கினாள். எங்களைப் பார்த்து, "இவுங்களா? பாவம், பட்டுப் பூச்சிங்க" என்று அவர்கள் ஆட்களிடம் சொன்னது எனக்கே கேட்டது. அலமு சும்மா இருப்பாளா, "பட்டுப் பூச்சி கட்டுன கூட்டை நீ பிச்சிப் பாரு ஆயா" என்றாள். ஆயா என்றதில் அவளுக்குக் கோபம்.

பேர் வாசித்தார்கள். எட்டாவதாக என் பேர். சங்கத்துப் பெரியவர் ஒருத்தர் எழுந்து அங்கம்மாளிடம் வந்து, குனிந்து என்னவோ கேட்டார். என் நெற்றியைப் பார்த்தபடிதான் கேட்டார். கயிற்றைக் கீழே வைத்துவிடலாம் என்று குனியப் பார்த்தேன். அங்கம்மாள் சத்தமாகவே சொன்னாள், மைதானத்துக்கே கேட்க:

"அவ இல்லாம நான் இழுக்கமாட்டேன்பா. வேணும்னா நீ வந்து கடைசீல நில்லு."

பெரியவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் இழுப்பு. கயிறு விறைத்ததும் முன்னால் ஒரு நூல் அளவு விட்டுக்கொடுத்தது என் கைக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், தென்னேரி எங்களை வாரிக்கொண்டு போய்விட்டது. திரும்பி நடக்கும்போது அங்கம்மாள் என்னைப் பார்க்காமல், "வுட்டுட்டேன்டி" என்றாள். பரவாயில்லை, அது கயிறு, அறாது என்றேன்.

இரண்டாவது எங்களுடையது. அவர்கள் தோளால் இழுத்தார்கள். நாங்கள் இழுக்கவே இல்லை, பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று விரலில். டீச்சர் ஓரத்தில் ஓடிக்கொண்டே "சுண்டு, சுண்டு" என்று கத்துகிறாள், ஜனம் என்னவென்று தெரியாமல் சிரிக்கிறது. அவர்கள் மூச்சு வாங்கின நேரம் பார்த்து ஓர் அடி. அப்புறம் ஓர் அடி. பொன்னியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டாள்.

மூன்றாவது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயிறு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. என் கண்ணில் வேர்வை. அவரைத் தூக்குகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன், விட்டால் விழுவார், விட்டால் விழுவார் என்று. அப்போது அலமுவுக்குக் கால் வழுக்கிற்று. அவள் விழ, அவள்மேல் முன்னால் இருந்தவள் விழ, எட்டுப் பேரும் மண்ணில். எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் ஒருத்திகூடக் கயிற்றை விடவில்லை. தென்னேரிக்காரிகள் எங்கள் எட்டுப் பேரையும் தரையோடு இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினார்கள், மீன் வலையை இழுக்கிற மாதிரி.

தோற்றுவிட்டோம். டீச்சர் ஓடி வந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். "போதும்மா, இப்ப வுடுங்க. வுடுங்கம்மா, முடிஞ்சிடுச்சு." அங்கம்மாள் மண்ணில் குப்புறக் கிடந்தபடி, "வுடலை பாத்தியா? நான் வுடலை" என்றாள். புடவை கிழிந்து, மூக்கில் மண்ணோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன், அத்தனை ஜனத்துக்கு முன்னால்.

ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. எங்களுக்கு சோப்பு டப்பா. நீலம்.

பொன்னியம்மாள் வந்து என் கையை வாங்கித் திருப்பினாள். சுண்டு விரல் பக்கம் தடவினாள், கட்டை விரல் பக்கம் தடவினாள். "இன்னாம்மா இது, ஒரு கைக்குள்ள ரெண்டு பொம்பளைங்க கை இருக்குது" என்றாள். பட்டுக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று என்றேன். தென்னேரிக்கு வந்து இன்னொரு தரம் இழுக்கவேண்டும் என்று எங்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டுத்தான் லாரி ஏறினாள்.

16-8-72, புதன்

உடம்பு முழுக்க வலி. சுகமான வலி. பேப்பர் ஒன்று படித்தேன், கசக்கவில்லை. இன்று சும்மா இருக்கிற நாள்.

20-8-72, ஞாயிறு

போட்டிதான் முடிந்துவிட்டதே, யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மற்ற ஏழு பேரும் இருந்தார்கள். அங்கம்மாள்தான் கயிற்றைத் தூணில் கட்டினாள்.

23-8-72, புதன்

புதுப் பாவு ஒன்று. அரக்கும் மாம்பழ மஞ்சளும். வேலை முடிந்ததும் மாமா வீட்டு அக்கா, அவர் சம்சாரம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டியில் மணல் எவ்வளவு போடவேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். மாமாவுக்குத் தெரியவேண்டாமாம்.

27-8-72, ஞாயிறு

தென்னேரி போய் வந்தோம். எட்டுப் பேரும் டீச்சரும். ஊர் எல்லையை நான் தாண்டி வருஷம் இரண்டு ஆகிறது. வாலாஜாபாத்தில் பஸ் மாறினோம். ஏரியில் தண்ணீர் பாதிக்கும் கீழே, ஆனாலும் என்ன பெரிசு. கரை ஓரமாக மண்ணில் கோடு போட்டு இழுத்தோம். ஒன்று அவர்கள். ஒன்று நாங்கள். மூன்றாவதுக்குக் கயிற்றை எடுத்தபோது பொன்னியம்மாள் வீட்டிலிருந்து சோறு ஆறுகிறது என்று ஆள் வந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

களி, கீரைக் கடைசல், நாங்கள் சைவம் என்று கருவாட்டுக் குழம்பைத் தனியாக ஓரத்தில் வைத்திருந்தாள். அலமு அந்தச் சட்டிப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது பொன்னியம்மாள் சொன்னாள், அவள் பெண்ணுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம், எங்கள் காஞ்சிபுரத்தில்தான் பட்டு எடுத்திருக்கிறார்களாம். "எங்க ஊர்ல யாருக்கும் பட்டை மடிப்பு வச்சிக் கட்டத் தெரியாது. நீ வந்து எம் பொண்ணுக்குக் கட்டிவுடணும்."

அங்கம்மாள் பக்கத்தில் நிற்கிறாள். எல்லாரும் நிற்கிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பட்டு கட்டிவிட யாரைக் கூப்பிடுவார்கள், யாரைக் கூப்பிடமாட்டார்கள் என்று பொன்னியம்மாளுக்குத் தெரியாதா? என் நெற்றி அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாள். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

வரேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஐப்பசி இன்னும் வரவில்லை, வருஷம் ஆகவில்லை என்று நினைவு வந்தது.

பஸ்ஸில் அங்கம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நீ போகலாமா என்று கேட்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். வாலாஜாபாத் தாண்டின பிறகு திரும்பி, "கல்யாணத்துக்கு மொத நாளே போயிடலாமா, இல்ல காலைல பஸ் புடிக்கலாமா?" என்று கேட்டாள்.

முதல் நாளே என்றேன்.